புரதம் குறைந்தால் போதுமா? ஐஜிஏ நெஃப்ரோபதி மருந்தாய்வுகளை முன்வைத்து

ஐஜிஏ நெஃப்ரோபதியை 1968இல் பாரிஸின் நெக்கர் மருத்துவமனையிலிருந்து ழான் பெர்ஜேயும் நிக்கோல் ஆங்லேயும் உலகுக்கு அடையாளம் காட்டினார்கள். அன்றிலிருந்து ஐம்பத்து மூன்று ஆண்டுகள் இந்த நோய்க்கென ஒப்புதல் பெற்ற மருந்து ஒன்றுகூட இல்லை. 2021 டிசம்பரில் அந்த நிலை மாறியது. சிறுகுடலின் கடைப்பகுதியில் கரையும் பியூடெசனைடுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. 2025 நவம்பருக்குள் ஸ்பார்சென்டான், இப்டகோபான், அட்ராசென்டான், சிபெப்ரென்லிமாப் என மேலும் நான்கு வந்துவிட்டன. இது பெரிய சாதனைதான். ஆனால் அனுமதி என்பது ஒரு நிர்வாகத்தின் முடிவு. சான்றின் தரம் வேறு விஷயம். இந்த ஐந்துக்கும் பின்னால் நிற்கும் ஆய்வுகளையும், இவற்றுக்கு முன்னே வந்து இன்று பழையவை என்று ஓரங்கட்டப்படும் ஸ்டீராய்டு ஆய்வுகளையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

நிறுப்பதற்கு மூன்று கேள்விகள் போதும். மருந்து பெறாத குழுவுக்கு அந்தக் காலத்தில் கிடைக்கக்கூடிய சிறந்த பராமரிப்பு கிடைத்ததா? அளந்தது நோயாளியின் வாழ்வில் பொருள் உள்ள ஒன்றையா, அதற்குப் பதிலியாக நிற்கும் வேறொன்றையா? நன்மையை எண்ணிய அதே கறாரோடு கேட்டையும் எண்ணினார்களா? ஒரு மருந்தாய்வு இந்த மூன்றிலும் முழு மதிப்பெண் பெறுவது அரிது. எதில் சறுக்கியது என்பதைப் பொறுத்தே அதன் முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது அமையும்.

நோயின் இயக்கத்தை இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். ஐஜிஏ1 என்ற எதிர்ப்புப் புரதத்தில் கேலக்டோஸ் குறைபட்ட வடிவம் சிலர் உடலில் மிகுதியாக உருவாகிறது. உடல் அதை அந்நியமாகக் கருதி அதற்கு எதிராகவே எதிர்ப்புப் புரதங்களைச் செய்கிறது. இரண்டும் பிணைந்த திரள்கள் சிறுநீரகத்தின் வடிகட்டி முடிச்சுகளில் படிந்து அழற்சியைத் தூண்டுகின்றன. அழற்சி தழும்பாகிறது. வடிகட்டி ஓட்டையாகிச் சிறுநீரில் புரதம் ஒழுகுகிறது. பிறகு ஒழுகும் புரதமே எஞ்சிய வடிகட்டிகளுக்கும் சுமையாகிறது. ஆக, மருந்து நுழைய வாயில்கள் பல உண்டு: பழுதுபட்ட ஐஜிஏ1 உருவாவதைத் தடுக்கலாம், முடிச்சில் எழும் அழற்சியைத் தணிக்கலாம், அழுத்தத்தைக் குறைத்து ஒழுக்கை அடக்கலாம். புதிய மருந்துகள் ஒவ்வொன்றும் ஒரு வாயிலைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. எந்த வாயில் என்பது முடிவைப் படிக்கும் முறையையும் மாற்றும். அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து புரதத்தைக் குறைப்பது வேறு. நோயின் ஊற்றை அடைக்கும் மருந்து புரதத்தைக் குறைப்பது வேறு.

சிக்கல் நோயின் வேகத்தில் இருக்கிறது. பெரும்பாலானோருக்குச் சிறுநீரகம் பத்து, இருபது ஆண்டுகளில் மெல்ல அழிகிறது. டயாலிசிஸ் வரை காத்திருந்து எண்ணும் ஆய்வுக்கு ஒரு தலைமுறை ஆகும். பணம் போடுவார் இல்லை. அதனால்தான் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்து அலசி, சிறுநீரில் புரதம் குறைவதைப் பதிலி அளவுகோலாகக் கொள்ளலாம் என்று ஆய்வாளர்களும் கட்டுப்பாட்டு அமைப்புகளும் ஒத்துக்கொண்டனர். ஒன்பது மாதத்தில் புரதம் குறைந்தால் விரைவு அனுமதி; இரண்டாண்டில் சிறுநீரகத்தின் வடிதிறன் (நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டப்படுகிறது என்ற அளவு) காக்கப்பட்டதென்று காட்டினால் முழு அனுமதி. இந்த ஏற்பாடு இல்லாமல் ஐந்து மருந்துகளும் வந்திரா. அந்த வகையில் இது துறையின் மிக முக்கியமான முறையியல் முடிவு.

பதிலிக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. பிரிட்டனின் அரிய சிறுநீரக நோய்ப் பதிவேட்டில் 2,299 பெரியவர்களையும் 140 குழந்தைகளையும் தொடர்ந்து பார்த்து 2023இல் வெளியிட்ட ஆய்வு, புரத ஒழுக்கின் அளவும் சிறுநீரகம் செயலிழக்கும் வேகமும் படிப்படியாக ஒத்துப்போவதைக் காட்டியது. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 0.44 முதல் 0.88 கிராம் வரை புரதம் ஒழுகியவர்களில், அதாவது ஆபத்துக் குறைவானவர்கள் என்று மருத்துவர்கள் ஆறுதல் சொல்லி அனுப்பியவர்களில், ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்குப் பத்தாண்டுக்குள் சிறுநீரகம் செயலிழந்தது. புரதம் முக்கியம் என்பதற்கு இது சான்று. புரதம் ஓரளவு குறைந்தாலே போதும் என்பதற்கு எதிரான சான்றும் இதுவே.

ஆனால் காய்ச்சல் இறங்குவதும் நோய் தீர்வதும் ஒன்றல்ல. 2023இல் வெளிவந்த டூப்ளெக்ஸ் ஆய்வை இந்தத் துறையில் எவரும் மறக்கக் கூடாது. வடிகட்டி முடிச்சுகள் தழும்பாகும் இன்னொரு நோயான எஃப்எஸ்ஜிஎஸ்ஸில் அதே ஸ்பார்சென்டான் 371 பேரிடம் சோதிக்கப்பட்டது. புரதம் தெளிவாகக் குறைந்தது. 108 வாரங்களின் முடிவில் வடிதிறன் இறங்கும் வேகத்தில் நம்பத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. நோய் வேறு என்று வாதிடலாம், வாதம் சரியும்கூட. ஆயினும் மருந்து அதே மருந்து, பதிலி அதே பதிலி. புரதம் குறைந்தது என்ற வரியோடு எந்த ஆய்வையும் மூடிவைக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இனி ஸ்டீராய்டு ஆய்வுகள். இத்தாலியில் போட்சி குழுவினர் 86 பேரை வைத்து 1999இல் லான்செட்டில் வெளியிட்ட ஆய்வு பல ஆண்டுகள் சிகிச்சைக்கு அடித்தளமாக இருந்தது. பத்தாண்டு முடிவில் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 97 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகம் காக்கப்பட்டது, பெறாதவர்களில் 53 விழுக்காட்டினருக்கே என்று 2004இல் அறிவித்தார்கள். வேறுபாடு பிரமிக்கவைப்பது. பிரமிப்புதான் ஐயத்துக்கும் காரணம். ரத்த அழுத்தத்தையும் புரத ஒழுக்கையும் ஒருங்கே குறைக்கும் ஏசிஇ தடுப்பு மருந்துகள் இரு குழுக்களிலும் ஒழுங்காகவும் முழு அளவிலும் தரப்படவில்லை. நான் வைத்த முதல் கேள்வியிலேயே ஆய்வு தடுமாறுகிறது.

அந்தத் தடுமாற்றத்தைத் திருத்தவே ஜெர்மனியில் ஸ்டாப்-ஐஜிஏஎன் வந்தது (2015). அதன் வடிவமைப்பு இன்றும் பாடமாக வைக்கத் தக்கது. யாரையும் குலுக்கிப் பிரிப்பதற்கு முன் ஆறு மாதம் எல்லோருக்கும் அடிப்படைப் பராமரிப்பை முழுமையாகக் கொடுத்தார்கள். ரத்த அழுத்தம், உணவு, புகைப்பழக்கம், ஏசிஇ தடுப்பு மருந்தின் அளவு எல்லாம் சீராக்கப்பட்டன. அதிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குப் புரதம் ஆய்வின் வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டது. ஸ்டீராய்டால் குணமானதாக முந்தைய ஆய்வுகள் எண்ணியவர்களில் எத்தனை பேர் இப்படிப்பட்டவர்களோ! எஞ்சியவர்களில் 162 பேரை மூன்றாண்டு தொடர்ந்தார்கள். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து பெற்றவர்களில் 17 விழுக்காட்டினர் முழுத் தணிவு அடைந்தார்கள், பெறாதவர்களில் 5 விழுக்காட்டினர். ஆனால் வடிதிறன் 15 புள்ளி அல்லது அதற்கு மேல் இழந்தவர்கள் முறையே 26, 28 விழுக்காடு. வேறுபாடே இல்லை. மருந்துக் குழுவில் தொற்று மிகுந்தது. ஒருவர் நச்சுக்குருதியால் இறந்தார்.

முறையில் சிறந்த ஆய்வு இது. அதன் முடிவை எங்கும் பொருத்தலாமா என்பதில்தான் எனக்குத் தயக்கம். ஜெர்மன் நோயாளிகளின் சிறுநீரகம் இரு குழுக்களிலும் மெதுவாகவே இறங்கியது. மெதுவாக இறங்குவதை மேலும் மெதுவாக்கிக் காட்ட 162 பேரும் மூன்றாண்டும் போதா. வேறுபாடு காணப்படவில்லை என்பதை வேறுபாடு கிடையாது என்று பலர் படித்துவிட்டார்கள். அந்தப் பிழை ஆய்வாளர்களுடையது அல்ல, படித்தவர்களுடையது.

டெஸ்டிங் என்ற ஆய்வுதான் இந்த நோயின் வரலாற்றில் என்னை மிக நெடுநேரம் நிறுத்திவைப்பது. 2012இல் தொடங்கியது. சீனா, இந்தியா, மலேசியா, ஆஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகளின் 67 மையங்கள். குறைந்தது மூன்று மாதம் முழுப் பராமரிப்புக்குப் பிறகும் நாளொன்றுக்கு ஒரு கிராம் அல்லது அதற்கு மேல் புரதம் ஒழுகுபவர்கள் மட்டுமே சேர்க்கப்பட்டார்கள். வடிதிறன் 20 வரை இறங்கியவர்களுக்கும் இடம் இருந்தது. ஒரு குழுவுக்கு மெத்தில்பிரெட்னிசலோன், எடையில் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 மில்லிகிராம் வரை. மற்றதற்குப் போலி மாத்திரை. அளந்ததோ பதிலியை அல்ல: வடிதிறன் 40 விழுக்காடு வீழ்வது, சிறுநீரகம் செயலிழப்பது, சிறுநீரக நோயால் இறப்பது.

2015இல் 262 பேர் சேர்ந்திருந்த நிலையில் சேர்க்கை நிறுத்தப்பட்டது. கடுமையான பாதிப்புகள் ஸ்டீராய்டுக் குழுவில் 14.7 விழுக்காடு, மற்றதில் 3.2. தொற்றால் இருவர் இறந்துவிட்டார்கள். இந்த இடத்தில் பல ஆய்வுகள் மூடப்பட்டு, நன்மை தோன்றியும் கேடு மிகுந்தது என்ற ஒற்றை வாக்கியமாக மறக்கப்பட்டிருக்கும். இவர்கள் கேட்டை 2017இல் முழுமையாக வெளியிட்டார்கள். பிறகு அளவைக் கிலோவுக்கு 0.4 மில்லிகிராமாகக் குறைத்து, நுரையீரலைத் தாக்கும் நியூமோசிஸ்டிஸ் தொற்றைத் தடுக்கும் மாத்திரையையும் சேர்த்து, மேலும் 241 பேரோடு தொடர்ந்தார்கள். 2022இல் மொத்தம் 503 பேரின் முடிவு வந்தது. சராசரியாக 4.2 ஆண்டுகள் தொடர்ந்ததில், மேற்சொன்ன இழப்புகளில் ஒன்றை அடைந்தவர்கள் ஸ்டீராய்டுக் குழுவில் 28.8 விழுக்காடு, போலி மாத்திரைக் குழுவில் 43.1 விழுக்காடு. வடிதிறன் ஸ்டீராய்டுக் குழுவில் ஆண்டுக்கு 2.5 என்ற வேகத்தில் இறங்கியது, மற்றதில் ஏறத்தாழ 5. குறைந்த அளவு பெற்றவர்களில் கடுமையான பாதிப்பு 5 விழுக்காடு. அவர்களுக்கு ஒப்பான போலிக் குழுவில் 2.5.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். அதிக அளவா குறைந்த அளவா என்று குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை, காலம்தான் பிரித்தது. முதலில் வந்தவர்களுக்கு ஒன்று, பின்னால் வந்தவர்களுக்கு இன்னொன்று. குறைந்த அளவுக் குழுவைத் தொடர்ந்த காலமும் குறைவு, இழப்பு நிகழ்வுகளும் குறைவு. அதனால் குறைந்த அளவே அதிகப் பயன் தருவதுபோல் தோன்றும் எண்ணைக் கையாளும்போது கவனம் தேவை. சேர்ந்தவர்களில் பெரும்பான்மையோர் சீனர்கள். புரதத்தின் மீதான பயன் மூன்றாம் ஆண்டை நெருங்கும்போது மங்கிவிடுகிறது; சில மாதச் சிகிச்சை வாழ்நாள் நோய்க்குப் போதாது என்பது அதிலிருந்து தெரிகிறது. இவ்வளவுக்குப் பிறகும், நோயாளிக்கு உண்மையில் நேர்வதை எண்ணியது, கேட்டைக் கண்டதும் நின்றது, திருத்தியது, மறுபடி எண்ணியது ஆகிய நான்குக்காகவும் இது முன்வரிசையில் நிற்கிறது.

அடுத்து நெஃபிகார்ட். கருத்தளவில் இதுவே மிக அழகியது. பழுதுபட்ட ஐஜிஏ1 பெரிதும் குடலின் பேயர் திட்டுகளில் உருவாகிறது என்ற கருதுகோளில், ஸ்டீராய்டை அங்கேயே இறக்கினால் என்ன என்று கேட்டார்கள். பியூடெசனைடு அதற்கு ஏற்றது. குடலில் உறிஞ்சப்பட்டதில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடும். நாளொன்றுக்கு 16 மில்லிகிராம், ஒன்பது மாதம். முதல் 199 பேரில் ஒன்பதாம் மாதம் புரதம் போலிக் குழுவைவிட 27 விழுக்காடு குறைந்திருந்தது, அனுமதி கிடைத்தது. 364 பேரின் ஈராண்டு முடிவு 2023இல் லான்செட்டில் வந்தது. வடிதிறனின் கால எடையிட்ட சராசரி வேறுபாடு 5.05 புள்ளி, மருந்துக்குச் சாதகமாக.

இந்த ஆய்வின் பெருந்தகுதி, மருந்தை நிறுத்திய பிறகு பதினைந்து மாதம் பொறுமையாகக் காத்திருந்து அளந்தது. நிறுத்திய பின்னும் இரு கோடுகளுக்கு இடையிலான இடைவெளி மூடவில்லை. இது வெறும் அழுத்த மாற்றமாக இருந்தால் மூடியிருக்கும். ஆனால் அளவுகோலை உற்றுப் பாருங்கள். கால எடையிட்ட சராசரி என்பது தொடக்கத்தில் கிடைத்த உயர்வை ஈராண்டு முழுவதற்கும் கணக்கில் சேர்க்கும். மருந்துக் குழுவில் வடிதிறன் முதல் சில மாதங்களில் ஏறியது; பிறகு இரண்டு கோடுகளும் ஏறத்தாழ இணையாகவே இறங்கின. ஸ்டீராய்டு வடிதிறனைத் தற்காலிகமாக ஏற்றக் கூடியது என்பது பழைய செய்தி. ஆகவே இங்கு நடந்தது நோயின் போக்கு மாறியதா, ஒரு முறை கிடைத்த லாபமா? என் படிப்பில் இரண்டாவதற்கே சான்று வலுவாக இருக்கிறது. போலிக் குழுவின் இழப்பு வேகத்தை வைத்துப் பார்த்தால் ஒரு சுற்று மருந்து ஏறத்தாழ ஓராண்டை மீட்டுத் தருகிறது. நோயாளிக்கு ஓராண்டு சிறிதல்ல. ஆனால் சுற்றை எத்தனை முறை திருப்பலாம் என்ற கேள்வியை இந்த ஆய்வு விடையின்றி விட்டுவிட்டது.

குடலோடு நின்றுவிடும் மருந்து என்ற உரிமைகோரலும் முழுதாக நிற்கவில்லை. கால் வீக்கம் 17 விழுக்காட்டினருக்கு, போலிக் குழுவில் 4. உயர் ரத்த அழுத்தம் 12, போலியில் 3. முகப்பரு 11, போலியில் 1. உடல் முழுவதும் ஸ்டீராய்டு பரவியதன் அடையாளங்கள் இவை. அப்படியானால் எழ வேண்டிய கேள்வி ஒன்றே: விலை குறைந்த பழைய மெத்தில்பிரெட்னிசலோனைவிட இது எவ்வளவு மேல்? நேருக்கு நேர் நிறுத்தி எவரும் பார்க்கவில்லை. உலகச் சிறுநீரக வழிகாட்டு அமைப்பான கேடிகோ தன் 2025 வழிகாட்டுதலில் பியூடெசனைடை முன்னே வைக்கிறது. அது கிடைக்காத இடத்தில் குறைந்த அளவு ஸ்டீராய்டைத் தடுப்பு மருந்தோடு தரலாம் என்கிறது. பாதுகாப்பைக் கருதி அமைத்த வரிசை அது என்பது புரிகிறது. ஆனால் அந்த வரிசையை நேரடி ஒப்பீடு எதுவும் தாங்கவில்லை.

புரொடெக்ட் ஆய்வு முதல் கேள்விக்குத் தந்த விடை மற்ற எல்லாவற்றையும்விட நேர்மையானது. 404 பேர். ஸ்பார்சென்டானுக்கு எதிரே நிறுத்தியது போலி மாத்திரையை அல்ல. ரத்த அழுத்தத்தையும் புரத ஒழுக்கையும் குறைக்கும் பழைய மருந்தான இர்பிசார்டானை, 300 மில்லிகிராம் வரை உயர்த்தி. வலுவான எதிராளியோடு மோதத் துணிந்த ஆய்வு. 36ஆம் வாரத்தில் புரதம் 49.8 விழுக்காடு குறைந்தது, இர்பிசார்டானில் 15.1. இடைவெளி 110 வாரம் வரை நீடித்தது. ஆனால் வடிதிறன் இறங்கும் மொத்த வேகத்தில் வேறுபாடு ஆண்டுக்கு ஒரு புள்ளிதான்: 2.9க்கு எதிராக 3.9. புள்ளியியல் வரம்பை அது மயிரிழையில் தவறவிட்டது. தொடக்க வாரங்களை நீக்கிக் கணக்கிட்டால் வேறுபாடு 1.1, அது வரம்பைத் தாண்டியது. எந்தக் கணக்கு முதன்மை என்பதில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் வேறுபட்டதால் ஒரே ஆய்வு ஒரு கரையில் தோல்வி, மறுகரையில் வெற்றி. 2024 செப்டம்பரில் அமெரிக்காவும் முழு அனுமதி தந்துவிட்டது.

தோல்வி என்று கைகழுவுவதில் எனக்கு உடன்பாடில்லை. வடிதிறன் 57இல் இருக்கும் ஒருவர் ஆண்டுக்கு 3.9 இழந்தால் 15ஐத் தொடப் பதினோரு ஆண்டு ஆகும், 2.9 இழந்தால் பதினான்கரை. அந்த ஒரு புள்ளி நிலைக்குமானால் டயாலிசிஸ் மூன்று ஆண்டுக்கு மேல் தள்ளிப்போகும். ஆனால் நிலைக்குமானால் என்ற நிபந்தனையை ஈராண்டு ஆய்வு நிறைவேற்ற முடியாது. இன்னொன்று: புரதத்தில் கிடைத்த பெரிய இடைவெளிக்கு வடிதிறனில் கிடைத்தது சிறிய இடைவெளி. பதிலி எவ்வளவு மிகைப்படுத்தும் என்பதை இந்த நோயிலேயே அளந்து காட்டியதுதான் புரொடெக்டின் எதிர்பாராத பங்களிப்பு.

சர்க்கரை நோய்க்கு வந்த டபாகிளிஃப்ளோசின் பற்றி நீட்ட வேண்டியதில்லை. டபா-சிகேடி ஆய்வில் இடம்பெற்ற 270 ஐஜிஏ நோயாளிகளில் இழப்பு நிகழ்வு மருந்தில் 4 விழுக்காடு, போலியில் 15. எண் கவர்ச்சியானது, மொத்த நிகழ்வு 26 மட்டுமே. போலிக் குழுவின் இழப்பும் வழக்கத்தைவிட மிகுதி. எண்ணின் அளவை நம்ப வேண்டாம், திசையை நம்பலாம். விலையும் பாதுகாப்பும் கைகொடுப்பதால் அது அடிப்படைப் பராமரிப்பில் சேர்ந்துவிட்டது, சரியான முடிவு.

நிரப்புப் புரதத் தொடரில் பி காரணியைத் தடுக்கும் இப்டகோபான் ஒன்பதாம் மாதம் போலிக் குழுவைவிட 38.3 விழுக்காடு புரதத்தைக் குறைத்தது. எண்டோதீலினைத் தடுக்கும் அட்ராசென்டான் 36ஆம் வாரம் 36.1 விழுக்காடு. இரண்டும் இடைக்கால முடிவுகளால் விரைவு அனுமதி பெற்றவை. இடைக்காலத்தில் வடிதிறன் விவரங்களை மூடிவைத்து ஆய்வைக் குருட்டுநிலையிலேயே தொடர விட்டது முறையியல் ஒழுக்கம், பாராட்ட வேண்டியது. ஆனால் எண்ணிக்கை ஒத்திருப்பதால் இரண்டையும் ஒரே தரமாகக் கொள்வது பிழை. அட்ராசென்டானின் முப்பத்தாறு பெரும்பாலும் அழுத்தம் தணிந்ததன் விளைவு. இப்டகோபானின் முப்பத்தெட்டு அழற்சியின் ஒரு கிளையை வெட்டியதன் விளைவு.

ஏப்ரில் எனப்படும் சைட்டோகைனை மறிக்கும் மருந்துகளில் துறை தன் நம்பிக்கையை வைத்திருக்கிறது. காரணம் உண்டு. முன்பு ரிடக்ஸிமாபை 34 பேரிடம் சோதித்தபோது பி செல்கள் மறைந்தன. புரதமும் மாறவில்லை, பழுதுபட்ட ஐஜிஏ1உம் குறையவில்லை. அந்த மருந்து தொட முடியாத பிளாஸ்மா செல்கள்தான் ஊற்று என்பதை அந்தச் சிறிய தோல்வி காட்டிக்கொடுத்தது. தோல்வியுற்ற ஆய்வு ஒன்று இவ்வளவு பயன்பட்டதை இந்தத் துறையில் வேறெங்கும் நான் பார்க்கவில்லை. அந்தப் பிளாஸ்மா செல்களைப் பட்டினி போடுவதே ஏப்ரில் தடுப்பின் உத்தி. சிபெப்ரென்லிமாப் நான்கு வாரத்துக்கு ஒரு ஊசி. விஷனரி ஆய்வில் 320 பேரின் இடைக்கால முடிவில் புரதம் போலிக் குழுவைவிட 51.2 விழுக்காடு குறைந்தது. ஏப்ரிலோடு பாஃப் என்ற சைட்டோகைனையும் சேர்த்துத் தடுக்கும் அடாசிசெப்ட், ஆரிஜின் 3 ஆய்வில் 42 விழுக்காடு. பழுதுபட்ட ஐஜிஏ1உம் கூடவே இறங்கியது. இங்கே பதிலிக்கு நோயின் ஊற்றிலிருந்து ஆதரவு கிடைக்கிறது; மற்ற எந்த வகுப்பிலும் இவ்வளவு தெளிவாக இல்லை.

எனினும் சிபெப்ரென்லிமாபின் இரண்டாம் கட்ட ஆய்வின் வடிதிறன் எண்களை மேற்கோள் காட்டி ஆரவாரிப்பவர்கள் சற்று நிதானிக்கலாம். 155 பேர், நான்கு குழுக்கள், ஓராண்டு. போலிக் குழு 7.4 இழந்தது. கிலோவுக்கு 2 மில்லிகிராம் பெற்றவர்கள் 2.7 இழந்தார்கள், 4 பெற்றவர்கள் எதையும் இழக்கவில்லை, 8 பெற்றவர்கள் 1.5 இழந்தார்கள். அளவு கூடக் கூடப் பயன் கூடவில்லை. குழுக்கள் சிறியவை என்பதால் வந்த ஆட்டம் அது. மருந்தை வாழ்நாள் முழுவதும் போட வேண்டியிருக்குமா, ஐஜிஏவோடு சேர்ந்து ஐஜிஜியும் குறைவதால் பத்தாண்டில் தொற்று எப்படி இருக்கும் என்பவற்றுக்கு ஒன்பது மாத எண்கள் விடை சொல்லா.

புதிய மருந்துகளின் ஆய்வுகளில் பரவலான குறை ஒன்று இருக்கிறது. அதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. நோய் எங்கே மிகக் கொடிதோ அந்த நோயாளிகள் வாசலிலேயே நிறுத்தப்படுகிறார்கள். நெஃபிகார்டில் வடிதிறன் 35க்குக் கீழ் இடமில்லை. புரொடெக்டில் 30க்குக் கீழ் இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 2005இல் வெளியிட்ட தொகுப்பில் பத்தாண்டு முடிவில் சிறுநீரகம் தாக்குப்பிடித்தது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கே. அங்கிருந்து பிறகு கிரேஸ்-ஐஜிஏஎன்ஐ என்ற தொடர்நோக்குக் குழுவும் அமைக்கப்பட்டது. தென்னிந்தியாவில் இந்த நோய் இளம் வயதில், தாமதமாக, தழும்போடு கண்டறியப்படுகிறது. பியூடெசனைடுக்கு ஐந்து புள்ளி லாபம் என்று சொல்லும்போது, அது பெரும்பாலும் வெள்ளையர்கள் சேர்ந்த ஒரு ஆய்வின் லாபம். இங்கே அது எவ்வளவு என்பதை இங்கே அளந்தால்தான் தெரியும். காசநோய் உறங்கிக் கிடக்கும் மண்ணில் ஸ்டீராய்டின் கேட்டையும் இங்கே அளந்தாக வேண்டும்.

என் தீர்ப்பு இது. முறையின் தூய்மையில் ஸ்டாப்-ஐஜிஏஎன் முதலிடம். அதன் முடிவின் எல்லை குறுகியது. நோயாளிக்குப் பொருள் உள்ளதை அளந்ததிலும் கேட்டை மறைக்காததிலும் டெஸ்டிங்கை வெல்ல ஆளில்லை. இன்று வேகமாக இறங்கும் நோயாளிக்கு, ஏசிஇ தடுப்பும் டபாகிளிஃப்ளோசினும் முழு அளவில் கொடுத்த பிறகு, தொற்றுத் தடுப்போடு குறைந்த அளவு ஸ்டீராய்டு என்பதே மிகுந்த சான்று உள்ள சிகிச்சை. நெஃபிகார்ட் நம்பத்தக்கது, அதன் மேன்மை நிறுவப்படாதது. புரொடெக்டின் துணிவு அதன் விளைவைவிடப் பெரியது. இப்டகோபானையும் ஏப்ரில் தடுப்பையும் அவற்றின் இடைக்கால எண்களைக் கொண்டு முடிவாக ஏற்கவோ தள்ளவோ நான் தயாரில்லை. பின்னதன் தர்க்கம் மட்டும் இதுவரை வந்தவற்றில் மிகவும் ஒத்திசைவானது.

இனி வேண்டியது ஆறாவது மருந்துக்கு இன்னொரு போலி மாத்திரை ஆய்வு அல்ல. ஒரு குழுவுக்குக் குறைந்த அளவு மெத்தில்பிரெட்னிசலோன், ஒன்றுக்குப் பியூடெசனைடு, ஒன்றுக்கு ஏப்ரில் தடுப்பு, மூன்றுக்கும் டபாகிளிஃப்ளோசின் அடித்தளம், வடிதிறன் 20 வரை இறங்கியவர்களுக்கும் வாசல் திறப்பு, ஐந்தாண்டு, எண்ண வேண்டியது டயாலிசிஸையும் இறப்பையும். மருந்து நிறுவனங்கள் இதற்குப் பணம் தரா. அரசின் ஆராய்ச்சி நிதிதான் தர வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு அதற்கான அமைப்பும் இருக்கிறது, டெஸ்டிங்கில் பங்கேற்ற இந்திய மையங்களுக்கு அதற்கான பயிற்சியும் இருக்கிறது.